வட்டமேசையம்மா போட்ட பூஜ்யம்

ஆலோசனை மையத்தின் கதவு காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அந்த ஆலோசகர் எட்டு ஐம்பதுக்கே தம் அறைக்குள் இருப்பார். கைப்பையை ஆணியில் மாட்டுவார், சன்னலைத் திறப்பார், பிறகு ஈரத்துணியை எடுத்து, அறையின் நடுவே இருந்த வட்டமேசையைத் துடைக்கத் தொடங்குவார். கூட்டித் துடைக்க மையத்தில் ஆள் உண்டு. ஆனாலும் அந்த மேசையை மட்டும் அவர் இன்னொருவர் கைக்கு விட்டதில்லை. மேசை பளிச்சென்று ஆனதும் அதைச் சுற்றி ஆறு நாற்காலிகளைச் சம இடைவெளியில் போட்டுவிட்டு, ஏழாவதில் தாம் அமர்வார். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஒழுங்கு ஒரு நாளும் குலைந்ததில்லை.

அவருடைய மருந்தும் அந்த மேசைதான். கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசவில்லையா? இருவரையும் அழைப்பார், இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் அழைப்பார். அண்ணன் தம்பிக்குள் பிணக்கா? அண்ணிமார்களும் வந்து உட்கார வேண்டும். "குடும்பத்துல விழுந்த முடிச்சைக் குடும்பம்தான் அவிழ்க்கணும். நான் நூலைக் காட்டுவேன், அவ்வளவுதான்" என்பார். உண்மையைச் சொல்லப்போனால், அந்த மேசையில் எத்தனையோ முடிச்சுகள் அவிழ்ந்திருக்கின்றன. வரும்போது வேறு வேறு வண்டியில் வந்தவர்கள் போகும்போது ஒரே வண்டியில் போனதை அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார். மையத்தில் அவருக்கு 'வட்டமேசையம்மா' என்றே பெயர். "இன்னிக்கு மாநாடு எத்தனை மணிக்குங்கம்மா?" என்று வரவேற்பில் இருப்பவர் கேட்டால், "நீங்களும் வந்து உக்காருங்க, உங்க வீட்டுப் பஞ்சாயத்தையும் சேர்த்து முடிச்சிடலாம்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

வரவேற்பில் இருந்தவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: டோக்கன். வருகிறவர்களுக்கு எண் கிழித்துக் கொடுப்பதும், முதல்நாள் படிவத்தை நிரப்பி வாங்குவதும் அவர் வேலை. அந்தப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'தேவை ஏற்பட்டால் என் குடும்பத்தாரைத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்.' கலங்கிய கண்ணோடு வருகிறவர்கள் யாரும் அதைப் படித்ததில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வட்டமேசையம்மாவுக்கு அந்தக் கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் தலைமை நிலையத்திலிருந்து எல்லா ஆலோசகர்களுக்கும் ஒரு வினாத்தாள் வந்தது. பெண்ணை விரும்பும் பெண்கள், ஆணை விரும்பும் ஆண்கள், இருபாலரையும் விரும்புகிறவர்கள் ஆலோசனை தேடி வந்தால் அவர்களுடன் பணியாற்ற நீங்கள் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்பது பொருள். முப்பத்தொரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை தமக்குத் தாமே மதிப்பெண் இட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மையார் பேனாவின் மூடியைக் கழற்றினார். 'இது நோயல்ல என்பதை அறிவீர்களா?' ஐந்து. அறியாமல் என்ன? இரண்டு பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறார். ஒரு கூட்டத்தில் மேடையேறியே சொல்லியிருக்கிறார். 'மரியாதையுடன் நடத்துவீர்களா?' ஐந்து. 'உங்கள் சொந்த விருப்பு வெறுப்புகளை ஒதுக்கி வைப்பீர்களா?' ஐந்து. பொய்யாக ஒன்றுகூட எழுதவில்லை. ஒவ்வொன்றையும் மனமார நம்பியே எழுதினார். கடைசிக் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது, எண்ணிக்கை கேட்டிருந்தார்கள். 'இதுவரை இத்தகையோர் எத்தனை பேருக்கு ஆலோசனை வழங்கியுள்ளீர்கள்?'

அவர் சற்று யோசித்தார். பிறகு வட்டமாக, அழகாக, ஒரு பூஜ்யம் போட்டார்.

வினாத்தாள்களை வாங்கி உறையிலிட வந்த டோக்கன் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"நூத்தம்பதுக்கு நூத்தம்பது. நான் படிச்ச காலத்துல அஞ்சு வருஷ மார்க்கைக் கூட்டினாலும் இவ்வளவு தேறாதுங்கம்மா."

"கிண்டல் போதும். அனுப்பி வைங்க."

"கடைசியில பூஜ்யம் போட்டிருக்கீங்களே."

"யாரும் வரலைன்னா பூஜ்யம்தானே போடணும்?"

"இருபத்திரண்டு வருஷம். உங்க ரூமுக்கு மட்டும் நான் கிழிச்சுக் குடுத்த டோக்கன் ஆறாயிரத்துக்கு மேல இருக்கும். அத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா இல்லை?"

"நம்ம பக்கம் அப்படிப்பட்டவங்க குறைவா இருக்கலாம்."

டோக்கன் உறையின் விளிம்பை நீவிக்கொண்டே நின்றார்.

"எங்க தெருவுல ஒரு நாய் இருக்குதுங்கம்மா. நல்ல நாய். வாசலை விட்டு இப்படி அப்படி நகராது. அதுகிட்டப் போய்க் கேட்டா, இந்தத் தெருவுல பூனையே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லும். பாவம், அது பொய் சொல்லலை. பூனைங்க எல்லாம் மதில் மேல ஏறி அந்தப் பக்கமா போயிடுதுங்க."

"என்னை நாய்ங்கிறீங்களா?"

"நல்ல நாய்ன்னு சொன்னேனே."

அம்மையாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் டோக்கன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "என் தம்பி ஒருத்தன் இருக்கான். உங்களுக்குத் தெரியும், கூரியர்ல வேலை பார்க்கிறவன். அவன் அப்படித்தான். ஒரு வருஷம் தூக்கமே இல்லாம கிடந்தான். ஊர்ல இருக்கிற மத்த ஆலோசகர் எல்லார்கிட்டயும் போனான். ஒருத்தர்கிட்டயும் அதைச் சொல்லலை. வேலைப் பளுன்னு சொன்னான், தலைவலின்னு சொன்னான். நம்ம அம்மா நல்லவங்கடா, அவங்ககிட்ட வான்னு கூப்பிட்டேன். வரலை."

"ஏன்?"

"உங்க ரூமுக்குப் போனா மொதல்ல நம்மைப் பெத்த அம்மாவுக்குத்தான் சேர் போடுவாங்கன்னான்."

அம்மையார் கையை நீட்டினார். "அதைக் குடுங்க. இன்னிக்கு அனுப்ப வேண்டாம்."

டோக்கன் போனபின் அவர் அலமாரியைத் திறந்தார். முடித்து வைத்த கோப்புகள் ஒரு பக்கம். பாதியில் நின்றுபோனவர்களின் கோப்புகள் மறுபக்கம். முதல் பக்கத்தைத்தான் அவர் வழக்கமாக எடுத்துப் பார்ப்பார். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் காட்டுவார். அன்று முதன்முறையாக மறுபக்கத்துக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியத்துக்குள் அவர் கை ஒரு கோப்பில் நின்றுவிட்டது. எட்டு மாதத்துக்கு முந்தியது. மேலே அவரே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'உண்மை பேசவில்லை. ஒத்துழைப்பு இல்லை. கோப்பு மூடப்பட்டது.'

அந்தப் பெண்ணை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கண்ணாடிக் கடை ஒன்றில் மூக்குக்கண்ணாடிகளுக்கு வில்லை தேய்த்துப் பொருத்துகிறவள். முப்பத்து நான்கு வயது. முதல்நாள் வந்தபோது விரல் நுனிகளில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. கணவர் தன்னிடம் பேசுவதில்லை என்றாள். ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்வதாகவும், இப்போது வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகப்போவதாக அவர் சொல்வதாகவும், தன்னை உடன் கூப்பிடவில்லை என்றும் சொன்னாள். மாற்றல் உத்தரவு வர ஆறு வாரம் இருந்தது. "அதுக்குள்ள ஏதாவது பண்ணணும் மேடம். அவர் போயிட்டா எனக்கு வேற யாரும் இல்லை."

கோப்பில் அம்மையாரின் கையெழுத்திலேயே குறிப்புகள் இருந்தன. 'கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இடுப்புவரை இருந்த முடியை, இயந்திரத்தில் சிக்கிவிடும் என்று வெட்டிக்கொண்டாராம். அன்று இவர் அழுதாராம். (கணவர் பொறுப்பற்றவரோ?)' இன்னொரு பக்கத்தில்: 'திருமணப் படம் எடுக்கவில்லை என்கிறார்.' அதற்கும் கீழே: 'தன் தாய்க்குக் கணவரைத் தெரியும், வீட்டில் பலமுறை சாப்பாடு போட்டிருக்கிறார், ஆனால் யார் என்று தெரியாது என்கிறார். குழப்பமான பேச்சு.'

அம்மையார் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அதைத் திரும்பவும் படித்தார். குழப்பம் அந்தப் பேச்சில் இல்லை. அதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சொல்ல முடியும்? சொல்லவேண்டிய அத்தனையையும் சொல்லிவிட்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் இவர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள். இவரோ ஒவ்வொரு தடவையும் "உங்க வீட்டுக்காரர்" என்றே கேட்டுக் கேட்டு, அவள் திறந்த வழியைத் தாமே அடைத்திருக்கிறார்.

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மூன்றாம் சந்திப்பில், "உங்க அம்மாவுக்கு இவர் யாருன்னு தெரியாததுதான் சண்டைக்குக் காரணம்னா, அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று இவர் சொல்லியிருந்தார். அவள் பதறிப்போய் வேண்டவே வேண்டாம் என்றாள். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அம்மையாரின் அனுபவம். படிவத்தில் கையெழுத்து இருந்தது; தாயின் எண்ணும் இருந்தது. மறுநாள் அவரே கூப்பிட்டார். "உங்க மகளும் மருமகனும் ஒத்துமையா இருக்கணும்னா நீங்க ஒரு நடை வரணும்மா."

"எந்த மருமகன்?" என்றது மறுமுனை. "என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."

ஒரு நொடியில் அம்மையார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கல்யாணம் ஆகவில்லை, ஆறு வருடக் குடித்தனம், படம் இல்லை, தாயிடம் மறைப்பு. இன்னொருத்தியின் கணவன், வேறென்ன? அக்கறை மிகுதியில் அதை வாய்விட்டும் சொன்னார்: "அப்படின்னா உங்க மக குடும்பம் இருக்கிற ஆள் யார்கிட்டயோ மாட்டிக்கிட்டு இருக்காங்கன்னு நினைக்கிறேன். சீக்கிரம் கவனிங்கம்மா." தொடர்பு அறுந்தது. அந்தப் பெண் அதன்பின் வரவில்லை. இவர் சிவப்பு மையை எடுத்தார்.

தவறு செய்தவர்களில் இரண்டு வகை உண்டு. தவறு தெரிந்ததும் கோப்பை மூடுகிறவர்கள் ஒரு வகை. கோப்போடு எழுந்திருக்கிறவர்கள் மற்றொரு வகை. அம்மையார் எழுந்தார். அன்று மாலையே தலைமை ஆலோசகரின் அறைக்குப் போய், கோப்பை அவர் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

தலைமை ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாரும் புகார் குடுக்கலையே?"

"குடுக்க முடியாது சார். குடுக்கணும்னா அவங்க யாருன்னு சொல்லியாகணும். அதான் எனக்கு வசதியாப் போச்சு."

"எழுத்துல குடுக்கறீங்களா?"

"எழுதிக் கொண்டு வந்துட்டேன்."

அதைப் படித்து முடித்த அவர், மூன்று மாதம் அம்மையாரின் சந்திப்புகளை இன்னொரு மூத்த ஆலோசகர் மேற்பார்வையிட வேண்டும் என்று உத்தரவிட்டார். பொடி எழுத்து வரியை அன்றே படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடறதா?" என்று அம்மையார் கேட்டதற்கு, "ஒரே ஒரு தடவை, அவங்க கொடுத்த நேரத்துல, அவங்க எண்ணுக்கு மட்டும். மன்னிப்புக் கேளுங்க. மன்னிக்கச் சொல்லிக் கேக்காதீங்க" என்றார்.

படிவத்தில் 'பகல் ஒன்று முதல் இரண்டுவரை' என்றிருந்தது. மறுநாள் ஒன்று பத்துக்கு அம்மையார் எண்களை அழுத்தினார். யார் என்று தெரிந்ததும் மறுமுனையில் இயந்திர ஓசை நின்றது.

"என்ன வேணும் மேடம்?"

"எதுவும் வேண்டாம்மா. எட்டு மாசத்துக்கு முன்னாடி உங்க அம்மாகிட்டப் பேசினேன். பேசியிருக்கக் கூடாது. உங்களைப் பொய்க்காரின்னு எழுதி வச்சேன். தப்பு என்னுது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வேணாம்னா இப்பவே வச்சிடறேன்."

அந்தப் பெண் கேட்டாள். "இப்ப எப்படித் திடீர்னு?"

"உங்க கோப்பைத் திரும்பப் படிச்சேன். நீங்க எல்லாத்தையும் சொல்லியிருக்கீங்க. கேட்கத் தெரியாதவ நான்தான்."

மறுநாள் மதிய இடைவேளையில், கண்ணாடிக் கடைக்கு எதிரே இருந்த பூங்காவின் சிமெண்டு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நேரில் பேசலாம் என்றதும், இடத்தைத் தேர்ந்ததும் அந்தப் பெண்தான். மேசைக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"அவ போகலை" என்றாள் முதல் வார்த்தையாக. அவள் என்று தயங்காமல் சொன்னாள். "எங்க அம்மா வந்து கத்திட்டுப் போன அன்னிக்கு மாற்றலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா. இந்த நிலைமையில உன்னை விட்டுட்டுப் போக நான் என்ன லூசான்னு கேட்டா. அந்த வகையில உங்களுக்கு நன்றிதான் சொல்லணும்." சிரிக்க முயன்றாள், பாதியில் விட்டுவிட்டாள். "ஆனா அம்மா போனாங்க. எட்டு மாசமா என் போனை எடுக்கலை. இன்னொருத்தி குடும்பத்தைக் கெடுக்கிறவளை நான் பெக்கலைன்னு சொல்லிட்டாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்? அப்படி ஒரு ஆளே இல்லைம்மான்னா, பின்ன யாருன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்ற தைரியம் எனக்கு அப்ப இல்லை. நீங்க கட்டிவிட்ட கதையையும் மறுக்க முடியலை, என் கதையையும் சொல்ல முடியலை."

அம்மையார் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "ஒண்ணு கேக்கலாமா? எங்கிட்ட ஏன் கணவர்னு சொன்னீங்க?"

"மொத நாள் நீங்க கேட்ட மொதக் கேள்வி என்னன்னு ஞாபகம் இருக்கா? வீட்டுக்காரர் என்ன பண்றார்னு கேட்டீங்க. ஒரு வீட்டுக்காரரை நீங்களே குடுத்துட்டீங்க. நான் அவருக்கு வேலை மட்டும்தான் போட்டுக் குடுத்தேன்." பிறகு கொஞ்சம் கனிந்த குரலில் சொன்னாள்: "நீங்க கெட்டவங்க இல்லை மேடம். நல்லாத்தான் பேசினீங்க. அந்த அன்பெல்லாம் எனக்கு இல்லாத ஒரு புருஷனுக்குப் போய்ச்சேர்ந்துச்சு."

"நான் இப்ப என்ன பண்ணினா சரியாகும்? நீங்க சொல்றதைச் செய்வேன். ஒண்ணும் பண்ண வேண்டாம்னா அதையும் செய்வேன்."

அந்தப் பெண் விரல்நுனியிலிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். "அம்மாகிட்டப் போய், நீங்க சொன்னதை நீங்களே திரும்ப வாங்கிக்கணும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. மீதி என்னுடையது. அதைச் சொல்ல நான் இப்ப தயார்."

"நீங்களும் பக்கத்துல இருக்கணுமா?"

"கீழே தெருவுல நிக்கிறேன். அம்மா கூப்பிட்டா வருவேன். கூப்பிடலைன்னா பஸ் ஏறிப் போயிடுவேன். வேலை நேரத்துல நின்னு நின்னு எனக்குப் பழக்கம்தான்."

மையத்துக்குத் திரும்பிய அம்மையார், தம்மை மேற்பார்வையிடும் மூத்த ஆலோசகரோடு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார். ஒத்திகை சொல்வதற்காக அல்ல, சொல்லாமல் இருப்பதற்காக. இருபத்திரண்டு ஆண்டுகள் எல்லாரையும் பேசவைத்தே பழகிய வாய் அது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடிக்கு அம்மையார் ஏறினார். அந்தத் தாய் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். கூடத்தில் தையல் இயந்திரம். சுவரெங்கும் பாதி தைத்த துணிகள் தொங்கின. வந்தவர் யார் என்று அறிந்ததும் அந்த அம்மாளின் முகம் இறுகியது. நாற்காலியைக் காட்டினார், ஆனால் இயந்திரத்திலிருந்து காலை எடுக்கவில்லை.

"இன்னும் என்ன சேதி கொண்டு வந்திருக்கீங்க?"

"சேதி இல்லைம்மா. போன தடவை நான் சொன்ன சேதியைத் திரும்ப எடுத்துக்க வந்திருக்கேன். உங்க மக குடும்பம் இருக்கிற ஒரு ஆள்கூட இருக்கிறதா நான் சொன்னேன். அது உண்மை இல்லை. அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை. உங்க மக அப்படி எங்கிட்டச் சொல்லவும் இல்லை. நானா ஊகம் பண்ணி, அந்த ஊகத்தைச் செய்தி மாதிரி உங்க காதுல போட்டேன். உங்க மக யார் குடும்பத்தையும் கெடுக்கலை. அவங்க சம்மதம் இல்லாம உங்களைக் கூப்பிட்டதே தப்பு. ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

இயந்திரம் நின்றது. அந்த அம்மாள் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எட்டு மாசம்" என்றார். "நீங்க ஒரு நிமிஷத்துல சொன்னீங்க. நான் எட்டு மாசமா அதை நெஞ்சுல போட்டு மிதிச்சுக்கிட்டு இருக்கேன். அக்கம்பக்கத்துல தலை நிமிர்ந்து நடந்து எட்டு மாசம் ஆச்சு. இப்ப வந்து ஊகம்ங்கறீங்க."

"ஆமாம்மா. நீங்க எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கறேன்."

"திட்டி என்ன ஆகப்போகுது?" பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "ஆள் இல்லைன்னா, பின்ன யாரு? புருஷன்னு யாரைச் சொன்னா?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைம்மா."

"எல்லாத்தையும்தான் போன்ல சொன்னீங்களே. இப்ப மட்டும் வாயில பூட்டா?"

"அன்னிக்கே பூட்டியிருக்கணும்."

அந்த அம்மாளின் பார்வை அறையைச் சுற்றி வந்தது. இயந்திரத்தின் சக்கரத்தில் மாட்டியிருந்த வாரின்மேல் வந்து நின்றது. "லிஃப்ட் வேலைக்குப் போற பொண்ணு ஒண்ணு அவ கூடவே தங்கியிருக்கும். இந்த பெல்ட்டை மாத்திக் குடுத்தது அதுதான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நாலு நாள் இங்கயே கிடந்து பார்த்துக்கிச்சு." குரல் தேய்ந்தது. "அந்தப் பொண்ணா?"

அம்மையாரின் நாக்கு நுனிவரை பதில் வந்தது. அவர் விழுங்கினார். "நீங்க யார் பேரைச் சொன்னாலும் நான் ஆமாம்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். உங்க மககிட்டக் கேளுங்க. அவங்க சொல்லத் தயாரா இருக்காங்க."

தொங்கிய துணிகளைக் காற்று மெல்ல அசைத்தது. அந்த அம்மாள் மறுபடி பேசியபோது குரலில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. "அவ ஏன் உங்ககிட்டப் பொய் சொன்னா? நீங்க படிச்சவங்க. இந்த மாதிரி விஷயத்தைக் கேக்கறதுக்குன்னே உக்காந்திருக்கிறவங்க."

"நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கிட்டேன். எனக்கு எல்லாம் தெரியும், நான் யாரையும் குறைவா நினைக்க மாட்டேன், அதனால நான் தயார்னு நம்பினேன். அது பத்தாதும்மா. எதிர்ல உக்காந்திருக்கிறவங்க நம்மகிட்டப் பொய் சொல்லத் தேவையில்லாம இருக்கணும். அப்பத்தான் நாம தயார்னு அர்த்தம். உண்மையைச் சொன்னா இவங்க தாங்குவாங்கங்கிற நம்பிக்கையை நாமதான் மொதல்ல குடுக்கணும். உங்க மகளுக்கு நான் அதைக் குடுக்கலை. பொய் அவங்க வாயில இருந்து வந்துச்சு. அதை வரவச்சது நான்."

அந்த அம்மாள் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்டயும்தான் ஆறு வருஷமா சொல்லலை" என்றார் மெதுவாக. "அப்ப நானும் குடுக்கலை."

அந்த அம்மாள் மடித்த துணியை இயந்திரத்தின்மேல் வைத்தார்.

"எனக்கு இதெல்லாம் முழுசாப் புரியுமான்னு தெரியாது. புரிய நாளாகும். ஆனா பெத்த பொண்ணு வாயைத் திறக்கப் பயப்படற மாதிரி ஒரு வீடு வச்சிருந்தேன்னா அது எனக்குப் பெருமை இல்லை." எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "அவ எங்கே இருக்கா இப்ப?"

"கீழே தெருவுல நிக்கிறாங்க. நீங்க கூப்பிட்டா வர்றேன்னு சொன்னாங்க."

பால்கனிக்குப் போய்க் குரல் கொடுத்தால் போதும் என்றுதான் அம்மையார் எண்ணினார். அந்த அம்மாள் பால்கனிப் பக்கம் திரும்பவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டிப் போனார். "கத்திக் கூப்பிட்டா அது வரச் சொன்னது ஆகும். நான்தானே அவளை வேண்டாம்னு சொன்னேன். நான்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டே, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினார். அம்மையார் நான்கு படிகள் பின்தங்கியே நடந்தார்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில், மூடியிருந்த கடை ஒன்றின் நிழலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். தாயைக் கண்டதும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்; முன்னே வரவும் இல்லை, பின்னே போகவும் இல்லை. அந்த அம்மாள் தெருவைக் கடந்து அவளருகே போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"எட்டு மாசமா உன் போனை எடுக்கலை. எவளோ சொன்னதை நம்பினேன், உன்னை ஒரு வார்த்தை கேக்கலை. தப்பு என்னுதுதான்டி" என்றார்.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லு. ஆனா தெருவுல நின்னு வேண்டாம். மேல வா." மகளின் கையைப் பிடித்து இரண்டு அடி நடந்தவர் நின்று திரும்பினார். "அவளுக்கும் போன் பண்ணி வரச் சொல்லு. போன தடவை நான் கத்தினதை அவளும்தானே கேட்டுக்கிட்டு நின்னா? அவகிட்டயும் நான் பேசணும்."

குடியிருப்பின் வாசலோரம் நின்ற வட்டமேசையம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவரும் அழைப்பை எதிர்பார்க்கவில்லை. இருவரும் படியேறும்வரை பார்த்திருந்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.